உழவு இயந்திரத்துக்கேற்ற பெட்டி அலகைத் தெரிதலும் வயலை மட்டஞ்செய்தலும்

நெல்வயல் மட்டமாக இருத்தல் வேண்டும் என்பது நம் கமக்காரர் அறியாத செய்தியன்று. எருமைகளைப் பூட்டிச் சேற்றில் மட்டப்பலகை இழுத்த காலந்தொட்டே இவ்வுண்மை நம் நாட்டில் நன்கு உணரப்பட்டு வந்துள்ளது. ஆயினும், உழவு இயந்திரம் வயலில் இறங்கிய பின்னர், உழவு விரைவாக நடைபெறுகிறதேயன்றி, மட்டஞ்செய்யும் வேலை பெரும்பாலும் பின்தங்கியே நிற்கிறது. தட்டுக்கலப்பை ஒரே பக்கமாக மண்ணைப் புரட்டித் தள்ளுவதனால், ஆண்டுதோறும் ஒரே திசையில் உழப்படும் வயல்களில் வரம்போரம் மேடும் நடுவே பள்ளமும் உண்டாகின்றன. இக்குறையை நீக்க உதவும் கருவிகளுள் ஒன்று, இயந்திரக்காரர் பொக்ஸ் பிளேட் என்று வழங்கும் பெட்டி அலகு ஆகும். அதனை எவ்வாறு தெரிவது, எங்கே பயன்படுத்துவது, எங்கே பயன்படுத்தலாகாது என்பவற்றை இப்பிரசுரம் விளக்குகிறது.

களனி கங்கைப் பள்ளத்தாக்கின் நிலைமை

களனி கங்கை மத்திய மலைநாட்டிற் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடலிற் கலக்கிறது. ஹங்வெல்ல, கடுவெல, பியகம, களனி ஆகிய பகுதிகளில் ஆற்றின் இருமருங்கும் தாழ்ந்த வயல்களும், அவற்றை அடுத்துச் சற்று உயர்ந்த, சிங்களத்தில் ஓவிட்ட என வழங்கும் நிலங்களும் உள்ளன. வயல்களில் நெல்லும், ஓவிட்ட நிலங்களில் கங்குங்கீரை, முகுனுவென்ன, வெண்டி, பயற்றை, பாகல் முதலிய மரக்கறிகளும் பயிரிடப்படுகின்றன.

இப்பள்ளத்தாக்குக்கு வெள்ளம் புதிதன்று. 1947 ஆகஸ்டிலும், 1989 யூனிலும், 2016 மேயிலும் களனி கங்கை பெருகிக் கரையோரத் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்தபின் ஒரு வயலில் வண்டல் படிகிறது. இன்னொரு வயலில் மணல் மேடிடுகிறது. மற்றொன்றில் மண் அரிக்கப்பட்டுக் குழி விழுகிறது. ஆகவே இங்குள்ள கமக்காரருக்கு மட்டஞ்செய்தல் ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையன்று. மீண்டும் மீண்டும் செய்ய வேண்டிய வேலையாகும்.

மட்டமற்ற வயலினால் விளையும் நட்டம்

நம் நாட்டில் நெல் பெரும்பாலும் முளைகட்டிய விதையாகச் சேற்றின்மீது வீசி விதைக்கப்படுகிறது. பள்ளமான இடத்தில் தேங்கும் நீரில் முளை அழுகும். மேடான இடத்தில் நீர் நில்லாமையாற் களை முந்திக்கொண்டு வளரும். களைநாசினியும் சீரான நீர்மட்டம் இல்லாத இடத்தில் தன் வேலையைச் சரிவரச் செய்யாது. இட்ட பசளையும் பள்ளத்தை நோக்கி அடித்துச் செல்லப்படும். ஒரே வயலில் ஒரு பகுதி முந்தியும் மற்றொரு பகுதி பிந்தியும் முற்றுவதால் அறுவடையின்போதும் நட்டம் நேரும்.

நீரைப் பொறுத்தமட்டில் இந்நட்டத்தைக் கணக்கிட்டே காணலாம். 50 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு வயற்றுண்டை எடுத்துக்கொள்வோம். இதன் பரப்பு 1,000 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ கால் ஏக்கர். இதன் ஒரு தலைப்பு மறு தலைப்பைவிட 20 சென்ரிமீற்றர் உயர்ந்து, இடையிலே சீராகச் சரிந்துள்ளது எனக் கொள்வோம். உயர்ந்த தலைப்பில் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்க வேண்டுமாயின், தாழ்ந்த தலைப்பில் 25 சென்ரிமீற்றர் நீர் நிற்கும். சராசரி ஆழம் 15 சென்ரிமீற்றர். தேவைப்படும் நீர் 150 கன மீற்றர். இதே துண்டு மட்டமாக இருப்பின் 50 கன மீற்றர் நீரே போதும். எஞ்சிய 100 கன மீற்றர், அதாவது ஓர் இலட்சம் லீற்றர் நீர், ஒருமுறை வயலை நிரப்பும்போதே வீணாகிறது. அது மட்டுமன்றி, 25 சென்ரிமீற்றர் நீரில் இளநாற்று உயிர் பிழைத்தல் அரிது.

பெட்டி அலகு என்பது யாது?

பெட்டி அலகு, உழவு இயந்திரத்தின் பின்னால் மூன்றுமுனை இணைப்பில் மாட்டப்படும் கருவியாகும். நீரியல் விசையாற் கருவியை ஏற்றி இறக்கும் இவ்விணைப்பு முறையை ஹரி பெர்கசன் என்பவர் விருத்தி செய்தார். 1930களில் அவரது இயந்திரங்களில் வழக்குக்கு வந்த அம்முறையே இன்று உலகெங்கும் நிலைத்துள்ளது.

இக்கருவி முன்பக்கமும் அடிப்பக்கமும் திறந்த ஓர் இரும்புப் பெட்டியைப் போன்றது. அதன் உறுப்புகள் பின்வருமாறு:

1. இரு பக்கத் தகடுகள். இவை வெட்டிய மண் பக்கங்களில் வழிந்தோடாமல் தடுத்து நிறுத்தும்.

2. முன்வெட்டலகு. இயந்திரம் முன்னோக்கிச் செல்லும்போது மண்ணைச் சீவி எடுப்பது இதுவே.

3. பின்வெட்டலகு. இயந்திரம் பின்னோக்கிச் செல்லும்போது மண்ணைத் தள்ளவும், முன்னோக்கிச் செல்லும்போது மண்ணைப் பரவி ஒப்புரவாக்கவும் இது பயன்படும். சில கருவிகளில் இது கீலிற் பொருத்தப்பட்டு அசையக்கூடியதாக இருக்கும்.

4. கிளறு பற்கள். முன்வெட்டலகுக்கு முன்னே வரிசையாக அமைந்து, இறுகிய மண்ணைக் கிளறிக் கொடுப்பவை. தேவைக்கேற்ப உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும்.

மட்டப்பலகைக்கும் பெட்டி அலகுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் அவசியம். மட்டப்பலகை சேற்றைச் சிறு தூரம் தள்ளி மேற்பரப்பை ஒப்புரவாக்கும். பெட்டி அலகோ மண்ணைச் சீவி, தன்னுள்ளே கொண்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சுமந்து செல்லும். முன்னையது சேற்றுக்கு உரியது. பின்னையது உலர்ந்த மண்ணுக்கு உரியது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. பெட்டி அலகினாற் பெரும்படியாக மட்டஞ்செய்த வயலையும், விதைப்புக்கு முன் சேற்றில் மட்டப்பலகை அடித்தே முடித்தல் வேண்டும்.

எந்த வயலுக்கு ஏற்றது? எந்த வயலுக்கு ஏலாது?

களனிப் பள்ளத்தாக்கின் வயல்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. ஆற்றோர வண்டல் வயல்களும் ஓவிட்ட நிலங்களும் கோடையில் உலர்ந்து இறுகுவன. அங்கே நான்கு சில்லு உழவு இயந்திரமும் பெட்டி அலகும் தடையின்றி வேலை செய்யும். ஆனால் சதுப்புத்தன்மை வாய்ந்த, ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத தாழ்வயல்களில் பாரமான இயந்திரத்தை இறக்குதல் பெருந்தவறாகும். இயந்திரம் புதைவது மட்டுமன்று. வயலின் அடியில் நீரைத் தாங்கி நிற்கும் இறுகிய படையும் குலைந்துவிடும். அப்படை ஒருமுறை குலைந்தால், மனிதர் நடக்கவும் இயலாத சேறாக அவ்விடம் பல போகங்களுக்குக் கிடக்கும்.

ஆகவே இயந்திரத்தை இறக்குமுன் வயலின் பல இடங்களிலும் நடந்து பார்த்தல் வேண்டும். குதிக்கால் ஆழமாகப் பதியுமாயின், அவ்வயல் பெட்டி அலகுக்கு உரியதன்று. அத்தகைய வயல்களுக்கு இருசில்லு உழவு இயந்திரமும் மட்டப்பலகையுமே ஏற்றவை.

இருசில்லு இயந்திரத்தை நம் மக்கள் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைப்பதுண்டு. 1950களில் அவ்வியந்திரத்தை வடிவமைத்த ரே விஜேவர்தன நம் நாட்டுப் பொறியியலாளர். பிற்காலத்தில் அவரே மண்ணைக் குறைவாகக் கிளறிப் பயிர்செய்யும் முறையை வலியுறுத்தினார் என்பது சிந்திக்கத்தக்கது. இயந்திரத்தின் வலுவுக்கு மண் உட்படுவதன்று, மண்ணின் தன்மைக்கு இயந்திரம் உட்படுவதே முறை.

பெட்டி அலகைத் தெரிதல்

விலைக்கு வாங்கினும், வாடகைக்குப் பெறினும், உள்ளூர் ஒட்டுவேலைத் தளத்திற் செய்விப்பினும், பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

அகலம்: இயந்திரத்தின் பின்சில்லுகள் இரண்டினதும் வெளிவிளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்து கொள்க. பெட்டியின் அகலம் அதற்குச் சமமாக அல்லது சில அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின், சில்லுத் தடங்கள் மட்டஞ்செய்த நிலத்தின்மேல் நீங்காமல் நிற்கும். மிகக் கூடினால், மண் நிறைந்த பெட்டியை இழுக்க இயந்திரம் திணறும். 25 முதல் 30 குதிரைவலு கொண்ட சிறிய இயந்திரத்துக்கு 4 முதல் 5 அடியும், நம் நாட்டில் பெருவழக்காயுள்ள 45 முதல் 50 குதிரைவலு இயந்திரங்களுக்கு 5 முதல் 6 அடியும் பொதுவாகப் பொருந்தும்.

நிறை: பெட்டி அலகு தன் நிறையினாலேயே மண்ணில் இறங்குகிறது, இயந்திரம் அதனைக் கீழே அழுத்துவதில்லை. எனவே இலேசான பெட்டி இறுகிய மண்ணின்மேல் வழுக்கிச் செல்லும். ஓர் அடி அகலத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 60 கிலோகிராம் வரையான நிறை இத்தர இயந்திரங்களுக்கு ஏற்றது. நிறை போதாதெனில் கருவியின் சட்டத்தில் இரும்புக் கட்டிகளை உறுதியாகப் பிணைக்கலாம். எக்காரணம்பற்றியும் ஆளை ஏற்றி நிறை கூட்டலாகாது.

இணைப்பு முளைகள்: மூன்றுமுனை இணைப்பில் வகுப்புகள் உண்டு. முதலாம் வகுப்பிற் கீழ்முளைகளின் விட்டம் 22 மில்லிமீற்றர், மேல்முளையின் விட்டம் 19 மில்லிமீற்றர். இரண்டாம் வகுப்பில் இவை முறையே 28, 25 மில்லிமீற்றர். கருவியும் இயந்திரமும் ஒரே வகுப்பைச் சேர்ந்தனவா என்று அளந்து பார்த்தல் வேண்டும். பெரிய துளையிற் சிறிய முளையை இட்டு வேலை செய்தால், துளை விரிந்து, முளை முறிந்து, ஆபத்து நேரும்.

வெட்டலகுகள்: இவை தேய்ந்தபின் கழற்றி மாற்றக்கூடியனவாக, மரையாணிகளாற் பூட்டப்பட்டிருத்தல் நன்று. இருபுறமும் கூருள்ளவையாயின், ஒருபுறம் தேய்ந்ததும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். சாதாரண மெல்லிரும்பிற் செய்த அலகு விரைவில் தேயும். வன்மையேற்றிய உருக்கே தக்கது.

கிளறு பற்கள்: ஐந்தடிப் பெட்டிக்கு நான்கு அல்லது ஐந்து பற்கள் போதும். ஒவ்வொன்றையும் பல ஆழங்களில் நிறுத்தத் துளைகள் உள்ளனவா எனவும், முனைகள் மாற்றக்கூடியனவா எனவும் நோக்குக.

ஒட்டுக்கள்: மேல் இணைப்புக் கோபுரமும் பக்கத் தகடுகளும் சேருமிடங்களில் ஒட்டு முழுமையாக ஓடியிருத்தல் வேண்டும். விரிசலுள்ள பழைய கருவியை மலிவென்று வாங்குதல் ஆதாயமாகாது.

இக்கருவி ஆண்டிற் சில நாட்களே பயன்படுவது. ஆகவே கால் ஏக்கர், அரை ஏக்கர் வயலுடைய ஒருவர் தனியே வாங்குவதினும், கமக்காரர் அமைப்பின் மூலம் பலர் கூடி வாங்குவது அல்லது வாடகைக்குப் பெறுவது சிக்கனமாகும்.

வேலைக்கு முன் அளத்தல்

கண்மதிப்பை மட்டும் நம்பி மண்ணை வெட்டுதல் கூடாது. லேசர் ஒளியினால் இயங்கும் மட்டமாக்கும் கருவிகள் பெரும் வயல்களுக்கு இன்று உலகிற் பல இடங்களிற் பயன்படுகின்றன. சிறு துண்டுகளுக்கு 30 மீற்றர் நீளமுள்ள தெளிவான நீர்க்குழாய் ஒன்றும், சென்ரிமீற்றர் குறித்த இரு கோல்களும் போதும்.

குழாயிற் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, அதன் இரு நுனிகளையும் இரு கோல்களிற் கட்டுக. ஒரு கோலை வயலின் நடுவே நிலையாக நாட்டுக. வயலை ஐந்து மீற்றர்ச் சதுரங்களாகப் பிரித்து, மற்றக் கோலை ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் நிறுத்தி, இரு கோல்களிலும் நீர் நிற்கும் உயரத்தை நிலத்திலிருந்து படித்துக் குறித்துக்கொள்க. நடமாடும் கோலின் அளவிலிருந்து நிலைக்கோலின் அளவைக் கழித்தால் வருவது அவ்விடத்துக்குரிய எண். எண் கூடுதலாயின் இடம் தாழ்ந்தது. எண் குறைவாயின் இடம் உயர்ந்தது.

நாம் எடுத்துக்கொண்ட துண்டில் இவ்வாறு 40 இடங்கள் அமையும். நாற்பது எண்களையும் கூட்டி நாற்பதால் வகுக்க வருவது சராசரி. சராசரியிலும் குறைந்த எண்ணுள்ள இடங்களில் மண்ணை வெட்ட வேண்டும். கூடிய எண்ணுள்ள இடங்களில் இட வேண்டும். வெட்டுமிடங்களிற் சிவப்புத் துணியும், இடுமிடங்களில் வெள்ளைத் துணியும் கட்டிய முளைகளை நாட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை சென்ரிமீற்றர் என எழுதி வைத்தால், இயந்திரம் ஓட்டுபவருக்கு ஐயம் ஏற்படாது.

வரம்பு ஒன்று இடுவதன் பயன்

இனி, நம் எடுத்துக்காட்டுத் துண்டை மட்டஞ்செய்ய எவ்வளவு மண்ணைப் பெயர்க்க வேண்டும் என்று பார்ப்போம். உயர்ந்த பாதியில் வெட்டு, தலைப்பில் 10 சென்ரிமீற்றரிலிருந்து நடுவிற் சூனியமாகக் குறையும். சராசரி 5 சென்ரிமீற்றர். 500 சதுர மீற்றரில் இது 25 கன மீற்றர் மண்ணாகும். வெட்டிய மண் பொருமுவதால் ஏறத்தாழ 31 கன மீற்றராகப் பெருகும். ஐந்தடிப் பெட்டி ஒரு தடவைக்குக் கால் கன மீற்றர் அளவே கொள்ளும். எனவே ஏறத்தாழ 125 நடைகள் வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் மண் சராசரியாக 33 மீற்றர் தூரம் சுமக்கப்படும்.

இதே துண்டின் நடுவே குறுக்காக ஒரு வரம்பையிட்டு, ஒன்றினின்றும் மற்றொன்று 10 சென்ரிமீற்றர் தாழ்ந்த இரு துண்டுகளாக்கினால் என்னவாகும்? ஒவ்வொரு துண்டிலும் உள்ள உயரவேறுபாடு 10 சென்ரிமீற்றரே. பெயர்க்கும் மண் இரண்டிலுமாக 12½ கன மீற்றராகப் பாதியாகும். சுமக்கும் தூரமும் பாதியாகும். நடைகள் ஏறத்தாழ 63. தூரம் 17 மீற்றர். சுமையோடு இயந்திரம் ஓடும் தூரம் நான்கு கிலோமீற்றருக்கு மேலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றராகக் குறைகிறது. எரிபொருட் செலவும் வாடகை நேரமும் அதற்கேற்பக் குறையும்.

இதனினும் முக்கியமான பயன் ஒன்றுண்டு. வயலின் வளமான மேல்மண் பொதுவாகச் சில அங்குல ஆழமே கொண்டது. அது 15 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். வரம்பிடாமல் மட்டஞ்செய்தால், உயர்ந்த தலைப்பில் 10 சென்ரிமீற்றர் போய், 5 சென்ரிமீற்றர் மேல்மண்ணே எஞ்சும். வரம்பிட்டுச் செய்தால், ஆகக்கூடிய வெட்டு 5 சென்ரிமீற்றர்; 10 சென்ரிமீற்றர் மேல்மண் எஞ்சும். ஈரவலயத் தாழ்நிலங்களில் அடிமண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. இரும்புச்சத்து மிகுந்து நெல்லின் இலைகள் செந்நிறப் புள்ளியுற்று வாடும் நோயும் இங்குண்டு. அத்தகைய அடிமண்ணை வெளிப்படுத்தி மட்டஞ்செய்வது, மட்டமான ஆனால் விளையாத வயலையே தரும்.

ஆழமாக வெட்டுதல் தவிர்க்க முடியாததாயின், முதலில் மேல்மண்ணைப் பெட்டியாற் சீவி ஒருபுறம் குவித்து, அடிமண்ணை மட்டஞ்செய்து, பின்னர் மேல்மண்ணைத் திரும்பப் பரவுதல் வேண்டும். அல்லது வேலையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செய்தல் வேண்டும். வெட்டிய பகுதிக்கு மக்கிய வைக்கோலும் கூட்டெருவும் மற்றப் பகுதியினும் கூடுதலாக இடுதல் நன்று.

காலமும் மண்ணின் பதமும்

பெரும்போக அறுவடைக்குப் பின், சிறுபோக விதைப்புக்கு முன், மாசி பங்குனி மாதங்களிற் கிடைக்கும் உலர்ந்த நாட்களே இவ்வேலைக்கு உரியவை. பங்குனியின் பிற்பகுதியிலிருந்து பிற்பகல் இடிமழை தொடங்குமாதலால், காலத்தைத் தாழ்த்தலாகாது. தென்மேல் பருவமழையில் வெள்ளம் ஏறும் வயல்களிற் புதிதாக இட்ட மண் படியாமல் இருப்பின் அடித்துச் செல்லப்படும்.

மண்ணின் பதத்தை அறிய, நான்கு விரற்கடை ஆழத்திலிருந்து ஒருபிடி மண்ணை எடுத்துப் பிசைக. உருண்டையாகி, விரலால் அழுத்தியதும் உதிருமாயின் பதம் சரி. களிபோல் ஒட்டுமாயின் சில நாட்கள் காத்திருத்தல் வேண்டும். ஈரமண்ணைப் பெட்டியால் இழுத்தால், அது இறுகிக் கட்டியாகும். வைக்கோலையும் தாளடியையும் முன்னரே அகற்றிக் குவித்து வைக்க. அவை பெட்டியிற் சிக்கி மண் நிறைவதைத் தடுக்கும்.

பெட்டி அலகை இயக்குதல்

கருவியைப் பூட்டியதும் சமதரையில் இறக்கி, இருபுறமும் ஒத்த உயரத்தில் உள்ளதா எனப் பார்க்க. கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடாதவாறு சங்கிலிகளை இறுக்குக. பின்னர் எல்லாம் மேல் இணைப்புத் தண்டின் நீளத்தைப் பொறுத்தது.

தண்டைக் குறுக்கினால் பெட்டி முன்னே கவியும். கிளறு பற்களும் முன்வெட்டலகும் ஆழமாக இறங்கும். இறுகிய மேட்டை உடைக்கவும் வெட்டவும் இந்நிலை வேண்டும். தண்டை நீட்டினால் பெட்டி பின்னே சாயும். முன்வெட்டலகு உயர, பின்வெட்டலகு நிலத்தைத் தடவும். பரவவும் ஒப்புரவாக்கவும் இந்நிலை வேண்டும். இரு அலகுகளும் ஒருசேர நிலத்தைத் தொடும் நிலை இடைப்பட்ட மட்ட வேலைக்கு உரியது. ஒவ்வொரு முறையும் அரைச்சுற்று அல்லது ஒருசுற்று மட்டுமே திருப்பி, விளைவைக் கண்டபின் மேலும் திருப்புக.

வேலையின் ஒழுங்கு பின்வருமாறு:

1. சிவப்பு முளையுள்ள மேடுகளிற் கிளறு பற்களை 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை இறக்கிக் கிளறுக. பற்கள் மண்ணில் இருக்கும்போது இயந்திரத்தைத் திருப்பவோ பின்னோக்கிச் செலுத்தவோ கூடாது. பற்கள் வளைந்து முறியும்.

2. பற்களை உயர்த்திவிட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாகச் சென்று, மெல்லிய படையாகச் சீவிப் பெட்டியை நிரப்புக. ஒரே மூச்சில் ஆழமாக வெட்ட முயன்றால் இயந்திரம் முன்னுயர்ந்து, அலை அலையான மேடுபள்ளம் உண்டாகும்.

3. பெட்டி நிறைந்ததும், அலகு நிலத்தை விட்டுச் சற்று எழும் அளவுக்கே உயர்த்தி, வெள்ளை முளையுள்ள பள்ளத்துக்குக் கொண்டு செல்க.

4. அங்கே நில்லாமல் ஓடியவாறே மேலும் சிறிது உயர்த்தினால் மண் மெல்லிய படையாகப் பரவும். ஓரிடத்திற் குவித்துக் கொட்டலாகாது.

5. அளவு சரியானபின், மூலைக்கு மூலை ஒருமுறையும் நீளவாக்கில் ஒருமுறையும் இழுத்து முடிக்க.

6. நீர்க்குழாயால் மீண்டும் அளந்து, வேறுபாடு சில சென்ரிமீற்றருக்குள் அடங்கியதா எனப் பார்க்க. எஞ்சியதைச் சேற்றில் மட்டப்பலகை சரிசெய்யும்.

மண் இட்ட பகுதி முதற்போகத்திற் சற்று அமிழும். ஆகவே அடுத்த ஆண்டு சிறிதளவு திருத்தம் தேவைப்படுதல் இயல்பே.

மரக்கறி நிலத்துக்கு

மரக்கறித் தோட்டத்துக்கு நெல்வயலைப்போல முற்றிலும் மட்டமான நிலம் வேண்டியதில்லை. இங்கே நீர் தேங்குவதே பகை. 50 மீற்றர் நீள வடிகாலுக்கு 20 சென்ரிமீற்றர் சரிவு நன்கு பொருந்தும். நெல்வயலில் நாம் குறையெனக் கண்ட அதே சரிவு மரக்கறி நிலத்தில் குணமாகிறது. ஆகவே இங்கு பெட்டி அலகின் வேலை, சரிவை நீக்குவதன்று. இடையேயுள்ள குழிகளை நிரப்பிச் சரிவைச் சீராக்குவதே.

வடிகால் வெட்ட, வலது பக்க ஏற்றுத் தண்டைச் சரிசெய்து பெட்டியை ஒருபுறம் சாய்த்து இழுக்கலாம். சாய்ந்த பக்கத்தில் ஆழமற்ற சால் விழும். அதனை மண்வெட்டியால் ஆழப்படுத்தி, எடுத்த மண்ணைக்கொண்டு ஓரடி உயரமுள்ள மேடைப்பாத்திகளை அமைக்க. வெண்டி, பயற்றை, பாகல் ஆகியவற்றின் வேர்கள் மழைநாட்களில் அழுகாமலிருக்க இவ்வடிகால்களே காப்பாகும். கங்குங்கீரைக்கு மட்டும் ஈரமான தாழ்ந்த பாத்தி ஏற்றது.

சட்டம்பற்றிய எச்சரிக்கை

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதும், அதிலிருந்து மண்ணை அகற்றுவதும் தடுக்கப்பட்டுள்ளன. வயலினுள்ளேயே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மண்ணை மாற்றி மட்டஞ்செய்தல் வேறு; வெளிமண் கொணர்ந்து வயலை மேடாக்குதல் வேறு. நகரை அடுத்த களனிப் பகுதியில், வயல்கள் நிரப்பப்பட்டுக் கட்டிடங்களாக மாறியதனால் வெள்ளநீர் தங்க இடமின்றி அயல் வயல்களையும் வீடுகளையும் நாடுகிறது என்பதைக் கமக்காரர் கண்கூடாகக் காண்கின்றனர். வெள்ளம் கொணர்ந்து குவித்த மணலை வயலினின்றும் அகற்ற வேண்டியிருப்பினும், முதலில் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தல் வேண்டும். அயலவருக்குரிய வாய்க்காலையும் பொது வரம்பையும் பெட்டி அலகினாற் குலைத்தல் பிணக்குக்கு வழியாகும்.

பாதுகாப்பு

பின்வரும் விதிகளை எள்ளளவும் நெகிழ்த்தலாகாது.

மட்டப்பலகைமேல் சிறுவரை இருத்தும் பழக்கத்தைப் பெட்டி அலகுக்குக் கொண்டுவருதல் உயிருக்கு ஆபத்தானது. இயங்கும் கருவியின்மீதோ அருகிலோ எவரும் நிற்கலாகாது.

வரம்பினதும் வடிகாலினதும் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் விலகியே ஓட்டுக. விளிம்பு இடிந்தால் இயந்திரம் புரளும். விளிம்போரத்து மண்ணை மண்வெட்டியாற் சரிசெய்வதே தக்கது.

இயந்திரத்தை விட்டிறங்குமுன் பெட்டியை நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்துக. உயர்த்திய பெட்டியின் கீழே கையையோ தலையையோ நீட்டலாகாது.

புதைந்த இயந்திரத்தை மீட்கும்போது சங்கிலியைத் தாழ்விலுள்ள இழுவைச் சட்டத்திலேயே மாட்டுக. மேல் இணைப்பில் மாட்டி இழுத்தால், இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கும்.

மேல்மாகாண வயல்களில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காலிலோ கையிலோ காயமுள்ளவர் சேற்றில் இறங்குமுன் காயத்தை மூடிக்கட்டுதலும், போகத் தொடக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்புமருந்துபற்றிக் கேட்டறிதலும் அவசியம். வயல்வேலைக்குப் பின் காய்ச்சல் காணின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. அங்கே வயலில் இறங்கியதையும் தெரிவிக்க.

பராமரிப்பு

நாள்வேலை முடிந்ததும் பெட்டியிலுள்ள மண்ணைச் சுரண்டிக் கழுவுக. வெட்டலகின் மரையாணிகளை நாள்தோறும் இறுக்குக. தேய்ந்த அலகை, அதனைத் தாங்கும் தகடு தேயுமுன் திருப்புக அல்லது மாற்றுக. போகம் முடிந்ததும் அலகுகளுக்கும் முளைகளுக்கும் எண்ணெய் பூசி, மரக்கட்டைகளின்மேல் ஏற்றிக் கூரையின்கீழ் வைக்க. களனிப் பகுதியின் ஈரக்காற்றில் நிலத்தில் விடப்பட்ட இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும்.

முடிவுரை

மட்டமான வயல் நீரைச் சேமிக்கும், களையை அடக்கும், விதையைக் காக்கும். அதனை அடையும் வழி, பெரிய இயந்திரமும் ஆழ்ந்த வெட்டும் அல்ல. அளந்து அறிதலும், வரம்பினால் வேலையைக் குறைத்தலும், மேல்மண்ணைப் பேணுதலுமே ஆகும். பெட்டி அலகை வாடகைக்கு அமர்த்துமுன் ஒருநாளை நீர்க்குழாயுடன் வயலிற் செலவிடும் கமக்காரர், அந்நாளின் பயனை அடுத்து வரும் போகங்களிலெல்லாம் காண்பார். உங்கள் வயலின் மண்வகை, வெட்டக்கூடிய ஆழம், ஏற்ற கருவி என்பன குறித்து மேலும் அறிய விரும்பின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுக.